குடி பாட்வா இரவில் நீ பார்த்த நெருப்பு

தஞ்சாவூர்,
10.4.2022

அன்பு மகளுக்கு,

கடந்த 2ஆம் தேதி, மராத்தியப் புத்தாண்டான குடி பாட்வா இரவில், வானில் ஓடிய நெருப்பு ஏவுகணையா, அபசகுனமா என்று நீ நாக்பூரிலிருந்து நடுங்கும் குரலில் கேட்டபோது, விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அரைகுறையாக எதையாவது சொல்லி உன்னைத் தேற்ற மனம் வரவில்லை. நீ அனுப்பிய வீடியோவை அதன்பின் பலமுறை பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தொடங்கும் அந்த நெருப்பு, பொறிகளை உதிர்த்துக்கொண்டே எதிர்வீட்டுக் கூரைக்குப் பின்னால் மறைய 40 விநாடி ஆகிறது. என் ஐயம் தீர்ந்தது அந்த 40 விநாடியால்தான். கடைசியில் செல்போன் சட்டென்று வேப்பமரத்தின் பக்கம் திரும்புகிறது. எரிநட்சத்திரத்தைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பாயி சொன்னது உனக்கு நினைவு வந்திருக்கும்.

எரிகல் பொதுவாக அவ்வளவு நேரம் கண்ணுக்குத் தெரியாது. விண்வெளியிலிருந்து வரும் கல் விநாடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் பாய்வதால், பெரும்பாலும் சில விநாடிகளிலேயே எரிந்து அடங்கிவிடும். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த பொருளோ விநாடிக்குச் சுமார் 8 கி.மீ. வேகத்தில், ஏறக்குறைய படுக்கைவாட்டில் சரிந்து இறங்குவதால் நெடுநேரம் ஓடும். ஓடும்போதே உடைந்து, துண்டுகள் ரயில் பெட்டிகளைப்போல ஒரே தடத்தில் செல்லும். உராய்வினால் எரிகிறது என்று பள்ளியில் படித்திருப்பாய். அது முழு உண்மையன்று. விலகிச் செல்ல நேரமில்லாத காற்று முன்புறத்தில் நெரிபட்டு, சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடாவதைப்போல, ஆனால் அதைவிடப் பன்மடங்காகச் சூடேறுகிறது.

2021 பிப்ரவரியில் சீனா ஏவிய லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூன்றாம் அடுக்குதான் நீ பார்த்த நெருப்பு என்று வானியலாளர் ஜொனாதன் மெக்டவல் கணித்திருக்கிறார். தன் வேலை முடிந்தபின் ஓராண்டுக்கும் மேலாகச் சுற்றித் திரிந்து, ஒவ்வொரு சுற்றிலும் மெல்லிய காற்றில் உரசி வேகம் குறைந்து, அன்று விழுந்திருக்கிறது. சந்திரபூர் மாவட்டத்தின் லாட்போரி கிராமத்தில் சுமார் 10 அடி விட்டமுள்ள உலோக வளையம் கிடைத்தது. வேறு ஊர்களில் உருண்டையான கலன்களும் கிடைத்தன. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ஆனால் மனிதர் வாழும் ஊருக்குள் எது எங்கே விழும் என்று தெரியாமல் இவற்றை விட்டுவைப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. எப்படியானாலும் நீ பார்த்தது ஏவுகணையும் அன்று; பண்டிகை நாளில் தோன்றிய அபசகுனம் என்று உன் பக்கத்து வீட்டம்மா அழ வேண்டியதும் இல்லை. அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் 2013 பிப்ரவரி 15 அன்று விண்கல் வெடித்தபோது, ஒளி முதலில் வந்தது; அதிர்வலை ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்தே வந்தது. வேடிக்கை பார்க்க ஜன்னலோரம் நின்றவர்கள் பலரைக் கண்ணாடிச் சில்லுகள் கிழித்தன. காயமுற்றவர்கள் சுமார் 1,500 பேர். வானில் பெரிய வெளிச்சத்தைக் கண்டால் ஜன்னலை விட்டு விலகி நில், அம்மா.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இன்றிரவு மாடிக்குப் போய், அன்று நின்ற அதே இடத்தில் நின்று கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பார். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை (டிகிரி). அந்த நெருப்பு தோன்றிய இடம் அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம், எந்தத் திசையில் மறைந்தது என்று எழுதி அனுப்பு. வரைபடத்தில் அதன் பாதையை வரைந்து பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா