நகராத சைக்கிளிலிருந்து அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் கால்வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அண்ணியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள்ளேயே பயிற்சி வீடியோ போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறேன் என்றதும் போன வாரம் ஃபோனில், "நின்ன இடத்துலயே மிதிக்கிற சைக்கிளுக்கு எதுக்கும்மா வீடியோ?" என்று கேட்டீர்கள். ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். கேள்வி மட்டும் மனதிலேயே நின்றுவிட்டது. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். உங்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியாக வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசியில் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன்.

இங்கே டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. பனி பெய்வதைக்கூடச் சமாளித்துவிடலாம், அது கண்ணுக்குத் தெரிகிறது. பயப்பட வேண்டியது ரோட்டின்மேல் கண்ணாடி மாதிரி படியும் மெல்லிய ஐஸுக்குத்தான். அதன் வழியே தாரின் கறுப்பு அப்படியே தெரியும். வெறும் ஈரம் என்று நினைத்துத் திருப்பினால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். வந்த முதல் நவம்பரில் நான் அப்படி விழுந்தேன். மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று. அப்போது உங்களிடம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு மார்ச் முடியும்வரை சைக்கிளைத் தொடவே இல்லை. வெளிச்சமும் இல்லை, வியர்வையும் இல்லை என்றால் மனசு எப்படிச் சுருங்கிப் போகிறது என்பதை அந்த நாலு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்பு, ஒருவர் உபயோகித்துவிட்டு விற்ற ட்ரெய்னர் ஒன்றை வாங்கினேன். இரும்புச் சட்டம் அது. நம் சைக்கிளை அதில் மாட்டினால் பின்சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். டயர் ஒரு உருளைமேல் அழுந்திச் சுற்றும், உருளையோடு இருக்கும் காந்தம் மிதிப்பதைக் கடினமாக்கும். ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் லீவரால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். இதைவிடப் புதிய வகைகளில் பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு மாட்டுவார்கள். அவை நாம் எத்தனை வாட் சக்தி கொடுக்கிறோம் என்று திரையில் காட்டும், வீடியோவில் ஏற்றம் வந்தால் தானாகவே இறுக்கும். என்னுடையது அதெல்லாம் செய்யாது. வீடியோ தேர்ந்தெடுக்க இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதலில் அழகைப் பார்த்துத்தான் வீடியோக்களைத் தேர்ந்தெடுத்தேன். மலைப்பாதையில் யாரோ சைக்கிளில் கேமராவை வைத்துக்கொண்டு ஏறுகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 2,700 மீட்டருக்கு மேல். அதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே மிதித்தேன். கண்ணுக்கு நிறைவாக இருந்தது, ஆனால் காலுக்கு வேலையே இல்லை. திரையில் ரோடு செங்குத்தாக ஏறுகிறது, என் கால் பாட்டுக்கு ஒரே மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் டிவி பார்ப்பது மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம் எதிர்ப்பக்கம் போனேன். எதில் அதிகமாக மூச்சு வாங்குமோ அதைத் தேடித் தேடி எடுத்தேன். டபாட்டா என்று போட்டிருந்தால் உடனே அதுதான். டபாட்டா என்பது ஜப்பானிய ஆய்வாளர் ஒருவரின் பெயர். 1996இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு, நிலையாக நிற்கும் சைக்கிளில்தான் நடந்தது. 20 விநாடி மிகக் கடுமையாக மிதி, 10 விநாடி ஓய்வு, இப்படி 7, 8 சுற்று. மொத்தமே சுமார் 4 நிமிஷம். அதற்குள் ஆள் முழுசாகக் களைத்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. அப்படியென்றால் "40 நிமிட டபாட்டா" என்று போடும் வீடியோக்களில் அந்தக் கடுமை இருக்கவே முடியாது. நல்ல பயிற்சியாக இருக்கலாம், ஆனால் அது வேறு பயிற்சி. இது தெரியாமல் வாரத்துக்கு ஐந்து நாள் அதையே செய்தேன். மூன்றாவது வாரம் ராத்திரி தூக்கம் வரவில்லை, முழங்காலின் முன்பக்கம் வலித்தது. பத்து நாள் நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பத்து நாளில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. நாம் சேர்ந்து ஓட்டிய நாட்களில் நீங்கள் பக்கத்தில் வந்துகொண்டே என்ன செய்வீர்கள்? ஏற்றம் வருவதற்கு முன்பே "கியரைக் குறை" என்பீர்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது சொன்னதே இல்லை. "இன்னும் ரெண்டு வளைவு, அப்புறம் சமம்" என்பீர்கள். எனக்குத் திணறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்வீர்கள். நான் தேட வேண்டிய வீடியோ அப்படிப்பட்டது என்று அப்போது தெரிந்தது. உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான் அண்ணா. பாதையே இல்லாத இடத்தில், அடுத்து என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்ல ஒருவர் வேண்டும்.

இப்போதெல்லாம் ஒரு வீடியோவைப் போடுவதற்கு முன்பு முதலில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் எட்டுப் பத்து நிமிஷமாவது வார்ம்-அப் இருக்கிறதா, கடைசியில் மெதுவாக மிதித்து இறங்க நேரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். 20 நிமிஷ வீடியோவில் மூன்றாவது நிமிஷமே முழு வேகம் என்றால் அது எனக்கு வேண்டாம். அப்புறம் கஷ்டத்தை எந்த அளவில் சொல்கிறார்கள் என்பது. சிலர் வாட் கணக்கில் சொல்வார்கள், என் ட்ரெய்னருக்கு அதனால் பயனில்லை. சிலர் இதயத் துடிப்பை வைத்துச் சொல்வார்கள். நீண்ட ஒரே சீரான பயிற்சிக்கு அது சரி, 30 விநாடி வேகத்துக்குச் சரிப்படாது. இதயம் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறுகிறது, அது ஏறி முடிப்பதற்குள் 30 விநாடி போய்விடும். எனக்குப் பொருந்துவது, உடம்பு எவ்வளவு கஷ்டப்படுகிறது என்பதை நாமே எண்ணால் மதிப்பிடும் முறை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடியும். விசித்திரமாக இருக்கிறதே என்று நினைத்தேன். பத்தால் பெருக்கினால் இளவயதினரின் இதயத் துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரும், அதற்காகத்தான் அப்படி. பல வீடியோக்களில் எளிமையாக 1 முதல் 10 வரை சொல்கிறார்கள். "இப்போது 7, முழு வாக்கியம் பேச முடியாது, இரண்டு மூன்று வார்த்தை பேசலாம்" என்று விளக்குகிற ஆசிரியர் கிடைத்தால் விடக்கூடாது.

பெடல் ஒரு நிமிஷத்தில் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். சாதாரணமாக 80 முதல் 100. ஏற்றம் மாதிரி பழக 60, 65க்குக் குறைத்து, கனமான கியரில் மிதிக்கச் சொல்வார்கள். எனக்கு முழங்கால் வலி வந்ததே அதை அளவுக்கு மீறிச் செய்ததில்தான் என்று நினைக்கிறேன். மிதித்துக்கொண்டே ஹேண்டில்பாரில் தண்டால் எடுக்கச் சொல்லும், கையில் எடை தூக்கச் சொல்லும் வீடியோக்களை நான் தொடுவதில்லை. கவனம் காலில் இருக்கட்டும். இன்னொன்று, வெளியே ஓட்டும்போது குண்டு குழிக்கும் சிக்னலுக்கும் சீட்டிலிருந்து எழுந்துவிடுவோம். இங்கே எழுவதே இல்லை, உட்கார்ந்த இடம் மரத்துப் போகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது "எழுந்து நின்று மிதி" என்று சொல்கிற ஆசிரியர் நிஜமாகவே வீட்டுக்குள் மிதித்துப் பழகியவர்.

இப்போது என்னிடம் மூன்று வீடியோக்கள்தான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை கடினமானது, வியாழன் நடுத்தரம், ஞாயிறு காலை பேசிக்கொண்டே மிதிக்கிற அளவுக்கு லேசான ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்டெல்வியோ மாதிரி மலைகளைப் போட்டுக்கொள்கிறேன், அன்றைக்கு அது பொருத்தமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வீடியோவை ஆறு வாரம் மாற்றவே மாட்டேன். தோழி ஒருத்தி "சலிக்கவில்லையா?" என்கிறாள். அதே வீடியோ, அதே கியர், லீவரும் அதே இடம். போன மாதம் கடைசிச் சுற்றில் 172 ஆக இருந்த இதயத் துடிப்பு இந்த வாரம் 165. இதைப் பார்க்கிற சந்தோஷம் புது வீடியோ எதிலும் கிடைக்காது. டயரில் காற்று மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இருக்க வேண்டும். காற்று குறைந்தால் உருளைமேல் டயர் அதிகமாக அழுந்தி மிதிப்பது கனமாகிவிடும், ஒப்பிடவே முடியாது. அதனால் பம்ப் அடித்துவிட்டுத்தான் ஏறுவேன்.

மற்றபடி ஃபேன் ஒன்று முகத்துக்கு நேராக, தலையில் ஒரு துணி, கீழே தடித்த விரிப்பு. வெளியே மைனஸ் 10 இருந்தாலும் உள்ளே பத்தாவது நிமிஷம் வியர்வை சொட்டுகிறது. காற்றே வீசாத சவாரி அல்லவா. கீழ்வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி 8 மணிக்கு மேல் மிதிப்பதில்லை.

இனி உதவி. செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு உங்கள் குரல் வேண்டும் அண்ணா. 45 நிமிஷம் ஃபோனில் பதிவு செய்து அனுப்புங்கள், நான் மலைப்பாதை வீடியோவைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு அதோடு சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். முதல் 10 நிமிஷம் வார்ம்-அப், அதில் எதை வேண்டுமானாலும் பேசுங்கள், வீட்டு விஷயமாக இருந்தால் ரொம்ப நல்லது. அப்புறம் 4 நிமிஷம் கடினமாக, 3 நிமிஷம் லேசாக, இப்படி நாலு சுற்று. நாலாவது சுற்றின் கடினமான 4 நிமிஷம் முடிந்ததும் நேராகக் கடைசி 10 நிமிஷத்துக்குப் போய்விடலாம், அதில் மெதுவாக இறங்க வேண்டும். ஒவ்வொரு சுற்று தொடங்குவதற்கும் 15 விநாடி முன்பு "கியரை ஏத்து" என்று சொல்லுங்கள். மூன்றாவது நிமிஷம் முடியும்போது எனக்கு விட்டுவிடலாம் என்று தோன்றும், அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பின்னால் அம்மா குரல் கேட்டாலும் பரவாயில்லை, அழித்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் அடுத்த செவ்வாயே ஆரம்பித்துவிடுவேன்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை