ஈரோட்டுக் கூட்டத்துக்கு முன் அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி அங்கே என் நாவலுக்கு ஒரு விமர்சனக் கூட்டம் வைக்க வேண்டும் என்று பதிப்பாளர் தை மாதத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். சென்னையோடு நிறுத்திக்கொள்ளலாம், வேண்டுமானால் கோவையில் வைத்துக்கொள்ளலாம் என்று தட்டிக் கழித்துவந்த நான் நேற்றுச் சம்மதித்துவிட்டேன். அழைப்பிதழ் யாருடைய வாட்ஸப் வழியாகவோ கோபிசெட்டிபாளையத்துக்கு வந்து சேர்வதற்கு முன் நானே சொல்லிவிடுவதுதான் முறை. அச்சுக்குப் போகும் முன் நான் அனுப்பிய பிரதி உறை பிரிக்காமலேயே உங்கள் அலமாரியில் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். கடிதத்துக்கும் அதே கதிதான் என்பதால் இங்கே எழுதுகிறேன். உங்கள் மகள் படித்துக் காட்டுவாள். மற்றவர்களும் படிப்பார்கள், ஆகவே சில இடங்களில் நான் சுற்றி வளைத்துப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பக் கதை எழுதுகிறவனுக்கு எழுதும்போது இருக்கும் மறைப்பு, விற்கப் போகும்போது இருப்பதில்லை. சென்னைப் புத்தகக் காட்சியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்து அரங்கில், பொங்கல் விடுமுறை மாலைகளில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தபோது, பேனாவை எடுக்கும் முன்பே கேள்வி வந்துவிடும்: "இந்த அக்கா உங்கள் சொந்த அக்காவா?" எல்லாம் கற்பனை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் மரத்துவிட்டது. காணொளிப் பேட்டிக்கு வந்த தம்பி ஒருவர் அதே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். அவருக்கு வேண்டியது நாவல் அல்ல, நம் வீட்டு விலாசம். நான் கொடுக்கவில்லை. அதையாவது என் கணக்கில் வரவு வையுங்கள். அக்காவை விற்றுக் காசு பார்க்கிறான் என்று நீங்கள் சொன்னதாகவும் காதுக்கு வந்தது. நானூறு ரூபாய்ப் புத்தகத்தில் எனக்கு வருவது பத்து சதவீதம், ஒரு பதிப்பு என்பது சில நூறு பிரதிகள். உங்களை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்றால் இன்னும் நல்ல விலை கேட்டிருப்பேன்.

எல்லோரும் பேசுவது அந்த ஏழாம் அத்தியாயத்தைப் பற்றித்தான். 2004 கார்த்திகையில் சார்பதிவாளர் அலுவலக வாசலில், வேப்ப மரத்தடியில், நிலத்தில் உங்கள் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பத்திர எழுத்தர் படித்துக் காட்டினார். யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன் என்கிற வரிகளை அவர் மூச்சுவிடாமல் ஓட்டியபோது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொத்து விவரத்துக்கு வந்து, நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் வடக்கே வாய்க்கால் என்று படித்ததும் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "வடக்கே இட்டேரிங்க. காளிங்கராயன் வாய்க்கால் கிழக்கே. மறுக்கா படிங்க." அவர் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் என்னைப் பார்த்தார், நிலத்தைப் பெற்றுக்கொள்ளப் போகிற எங்கள் இருவருக்கும் அதன் வடக்கெல்லை எது என்று அந்த நேரத்தில் உறுதியாகத் தெரியவில்லை. தட்டச்சு செய்தவரிடம் தாளைத் திரும்பக் கொடுத்து, திருத்தி வாங்கி, நான்கு எல்லைகளையும் சொல்லச் சொல்லிக் கேட்டு, சரி என்று தலையாட்டிய பிறகுதான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டீர்கள். வெளியே வந்தபோது மாமாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள். நாவலில் அந்தச் சிரிப்பு இல்லை. அங்கே அவள் அழுகிறாள். வாசகர்களும் அழுததாக எழுதுகிறார்கள். அந்தச் சிரிப்பை எழுதிப் பார்த்தேன், எழுத வரவில்லை.

கிளுவை வேலிகளுக்கு நடுவே போகும் அந்த இட்டேரிப் பாதையில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கோவைப்பழம் பறித்துத் தந்தவர் நீங்கள். அதன் வளைவு ஒவ்வொன்றும் உங்களுக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சென்னைக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் எழுந்து சட்டத்தை விளக்கினார். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது; ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது, உங்களுக்கு 1986இல் திருமணம். 2005 செப்டம்பரில் மத்தியச் சட்டம் அந்த வேறுபாடு இல்லாமல் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. தந்தை அதற்கு முன்பே இறந்திருந்தாலும் உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் முடிந்துபோனவற்றை அந்தச் சட்டம் தொடுவதில்லை. "நாவலாசிரியர் மாதத்தை மிகக் கச்சிதமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்" என்று அவர் பாராட்டினார், அரங்கம் கைதட்டியது. நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? அப்பாவின் காரியம் முடிந்து, மஞ்சள் வெட்டுக்கு முன் பத்திரத்தை முடித்துவிட வேண்டும் என்று அண்ணன் நாள் குறித்தார், அவ்வளவுதான். நிலத்தைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, அவர்களைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்துவது நியாயமும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். செக்குபந்தியைத் திருத்திய கதையை எத்தனை கல்யாண வீடுகளில் நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்! பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் வாயிலிருந்து எனக்கே அது திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் வாயால் சொன்னால் உறவுப் பேச்சு, நான் தாளில் எழுதினால் துரோகமா? கோபம் என்றால் அன்றைக்கே திட்டியிருக்கலாம். கையெழுத்தும் போட்டு, சிரித்தும் வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சீரையும் வாங்கிக்கொண்டு, எங்களை இருபது வருடம் குற்றவாளிகளைப் போல நடக்கவைத்தது எந்த நியாயத்தில் சேரும்?

இப்படி எழுதியதற்கு மன்னியுங்கள். எழுதியதை அடித்துவிடவும் மாட்டேன், இருக்கட்டும்.

உண்மையில் சொல்ல வந்தது வேறு. தாள் திருத்தப் போனபோது, "விடுங்கக்கா, எல்லை எங்க போகப் போகுது, நேரமாகுது" என்று சொன்னது யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். நாவலில் அதை மூத்தவன் சொல்கிறான். கதைக்குக் கெட்டவன் ஒருவன் வேண்டியிருந்தது, தம்பியின் கண் வழியாகச் சொல்லும் கதையில் தம்பியே அப்படிப் பேசினால் வாசகர் பிடி விட்டுப்போகும் என்று அப்போது நினைத்தேன். அந்தக் காரணம் இன்றும் முழுக்கத் தவறாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வரிக்காக அண்ணனை ஊரில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாம் பதிப்பு ஆடியில் வருகிறது. ஏழாம் அத்தியாயத்தை எடுக்க மாட்டேன். உங்கள் மகள் மூலம் கேட்டதற்கு இதுதான் பதில். அந்த வரியை மட்டும் தம்பியின் வாய்க்கு மாற்றிவிட்டேன், ஈரோட்டில் அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்கப் போகிறேன். புதிய பதிப்பின் முதல் பிரதி அண்ணனுக்குப் போகிறது. படித்துவிட்டு அவர் உங்களைத்தான் போனில் கூப்பிடுவார். அவரிடம் நன்றாகவே பேசுவீர்கள். நிலம் முழுவதையும் வைத்திருப்பவர் அவர், ஆனாலும் நீங்கள் பேசாமல் இருப்பது என்னிடம் மட்டும்தான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி