ஐஸ்கிரீம் வான் ஓட்டப்போகிறவள்: தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

இலங்கைத் தமிழ்த் தொலைக்காட்சிகளில் சிறுவர் நிகழ்ச்சி எது, அது எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று முடிவெடுக்கிற கதிரையில் இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்ப வகுப்புகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வீடு கோண்டாவிலில். பின்னேரமானால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் வீட்டு விறாந்தையில்தான். ஆகவே உங்கள் நிகழ்ச்சிகளை நான் தனியே பார்ப்பதில்லை. அவர்களுக்கு நடுவில் இருந்து பார்க்கிறேன்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் எங்கள் ஒழுங்கைச் சிறுமி ஒருத்தி, ஏழு வயது, ஒரு சிறுவர் நிகழ்ச்சியின் ஒளிப்பதிவுக்குப் போனாள். எந்தத் தொலைக்காட்சி என்பது இங்கே வேண்டாம். காலை எட்டு மணிக்கு வரச்சொல்லிவிட்டுப் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்களாம். அதைத் தாய் பெரிதாக எடுக்கவில்லை. அறிவிப்பாளர், "வளர்ந்து என்னவா வரப்போறீங்க, செல்லம்?" என்று கேட்டிருக்கிறார். இவள், "ஐஸ்கிரீம் வான் ஓட்டுவன்" என்றிருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கமெரா நின்றது. ஒருவர் வந்து, "டொக்டர் எண்டு சொல்லுங்கோ பிள்ளை" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். திரும்ப எடுத்தார்கள். அவள் திரும்பவும் ஐஸ்கிரீம் வான் என்றாள். மூன்றாம் தடவை தாயும் ஒரு பக்கம் நின்று கண்ணைக் காட்ட, "டொக்டர்" என்று மெல்லச் சொன்னாள். கைதட்டல். ஒளிபரப்பானது அந்தக் காட்சிதான்.

நானும் பார்த்தேன். டொக்டர் என்று சொன்னபின் அவள் கமெராவைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

அன்றிரவு எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்த அரை மணித்தியாலம் பிள்ளைகள் பார்ப்பதற்காகச் செய்ததே அல்ல. பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பதற்காகச் செய்தது. பிள்ளை சினிமாப் பாட்டுக்கு இடுப்பை ஆட்ட வேண்டும், திருக்குறளை மூச்சுவிடாமல் ஒப்புவிக்க வேண்டும், நடுவர் சொல்லும் பகிடி விளங்காவிட்டாலும் சிரிக்க வேண்டும். மாமாமாரும் மாமிமாரும் "என்ன கெட்டிக்காரி" என்பார்கள். உங்கள் நேர அட்டவணையில் அதற்குச் சிறுவர் நிகழ்ச்சி என்று பெயர். சினிமாக் காட்சியில் சிகரெட் வந்தால் கவனமாக மங்கலாக்கிவிடுகிறீர்கள். அதே சினிமாவின் பாட்டுக்கு எட்டு வயதுப் பிள்ளை ஆடுகிறபோது யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை.

சிறுவர் நிகழ்ச்சிகளின் தரம் விழுந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விழுவதற்கு முதலில் உயரத்தில் நின்றிருக்க வேண்டுமே. எங்களுக்கு வானொலியில் அந்த உயரம் இருந்தது. இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' தொடங்கினால் எங்கள் வீட்டில் அடுப்படிச் சத்தம்கூட அடங்கும். அதை நடத்திய வானொலி மாமா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனாலும் எங்களோடுதான் கதைக்கிறார் என்று நம்பினோம். மட்டக்களப்பில் மாஸ்டர் சிவலிங்கம் கதை சொன்னால் மிருகங்கள் எல்லாம் அவர் தொண்டையில் இருந்து வெளியே வரும். தொலைக்காட்சியில் அந்த இடத்தை யார் நிரப்பினார்கள்?

அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்று ஒரு கலைஞர் இருந்தார். வெளிநாட்டுக் கார்ட்டூன்களை எடுத்து, அவற்றுக்குச் சிங்களக் கிராமத்துப் பேச்சையும் குறும்பையும் பாட்டையும் ஏற்றிக் கொடுத்தார். 'தொஸ்தர ஹொந்தஹித', 'பிஸ்ஸு பூசா' என்று சொன்னால் இன்றைக்கும் ஐம்பது வயதுச் சிங்கள ஆசிரியைகளின் முகம் மலர்கிறது. பயிற்சி வகுப்பொன்றில் என் பக்கத்தில் இருந்தவர் பாட்டையே பாடிக்காட்டினார். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு டைட்டஸ் வாய்க்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் நாங்கள் முற்றத்தில் உயரமான குழாய் நட்டு, அன்ரனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி, வெள்ளிக்கிழமை இரவுகளில் தூரதர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' பார்த்தோம். காற்றடித்தால் ஒருவர் வெளியே ஓடிக் குழாயைத் திருப்ப வேண்டும், "இப்ப சரியோ?" என்று கத்த வேண்டும். அது சந்தோஷமான காலந்தான், ஆனால் அதில் பிள்ளைகளுக்கென்று என்ன இருந்தது? பிறகு 1990 இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே நின்றுபோனது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்ட பிள்ளைகள் இப்போது உங்கள் நிகழ்ச்சிகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன்.

சரி, பழங்கதை போதும்.

ஆசிரியர் பயிற்சியில் ஒரு விரிவுரையாளர் சொன்ன விடயம் மறக்காமல் இருக்கிறது. 1969 இல் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, ஒளிபரப்புவதற்கு முன் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டினார்களாம். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு திரை. அதில் ஏழரைச் செக்கனுக்கு ஒருமுறை படம் மாறும். பிள்ளை எப்போது நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்குப் போகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டிருப்பார். பிள்ளையின் கண் விலகிய இடத்தில் நிகழ்ச்சி தோற்றது என்று கணக்கு.

என்னிடம் இரண்டாவது திரை இல்லை, முற்றம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை உங்களில் ஒருவருடைய நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு, பழைய கொப்பி ஒன்றோடு மூலையில் இருந்தேன். அறிவிப்பாளர் "ஹாய் குட்டீஸ்!" என்று கீச்சுக்குரலில் கத்தியதும் சின்னவன் காதைப் பொத்தினான். நடுவர் கருத்துச் சொல்லத் தொடங்க மூன்று பேர் கொய்யா மரத்து அணிலைப் பார்க்கப் போனார்கள். விளம்பரத்துக்குத் திரும்பி வந்தார்கள். விளம்பரத்துக்கு என்பதைக் கவனியுங்கள். ஒரு பிள்ளை தோட்டத்தில் நின்று கவிதை சொல்லும்போது, பின்னால் ஒரு நாய் வந்து படுத்து, உண்ணி கடித்ததோ என்னவோ, சுழன்று சுழன்று வாலைப் பிடிக்கப் பார்த்தது. ஏழு பேரும் திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் என் கொப்பியில் முழுப் புள்ளி வாங்கியது அந்த நாய் மட்டும்தான். அதை யாரும் திட்டமிட்டுக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

தமிழ்நாட்டில் 2007 இல் தொடங்கிய சுட்டி ரிவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளைப் பாதி வளர்த்தது அது. டோராவைத் தமிழில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பாள். பிள்ளை பதில் சொல்ல நேரம் விடுவாள். என் பேரன் திரையைப் பார்த்துக் கத்திப் பதில் சொல்லியிருக்கிறான். உங்கள் அறிவிப்பாளர்கள் யாருக்கும் அந்த மூன்று செக்கன் பொறுமை இல்லை. பிள்ளை வாய் திறக்க முன்னமே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பேரன்தான் ஒருநாள் என்னிடம் "ஆமா பாட்டி" என்றான். "ஓம் அம்மம்மா" என்று சொல்லி வளர்ந்தவன். தமிழ்நாட்டுத் தமிழில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அது இனிமையான தமிழ். ஆனால் நான் "கனக்கத் தண்ணி ஊத்தாதை" என்று சொல்ல, அவன், "அம்மம்மா, ரிவியில அப்பிடிச் சொல்ல மாட்டினம். ரொம்ப எண்டுதான் சொல்லுவினம்" என்று திருத்தினான். ரிவியில் வருவது சரியான தமிழ், அம்மம்மா கதைப்பது பிழையான தமிழ். ஆறு வயதில் அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இதற்குச் சென்னையைக் குறை சொல்ல ஏலாது. தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் தமிழில் அவர்கள் செய்கிறார்கள். நீங்களும் ஏன் அவர்களைப் போலவே கதைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. வீட்டில் "விளங்குதோ?" என்று கேட்கிற அறிவிப்பாளர் கமெரா முன்னால் "புரியுதா குட்டீஸ்?" என்கிறார். இங்கே இருந்துகொண்டு ஏன் வெளியூர்க்காரராக நடிக்க வேண்டும்?

அப்புறம் புலமைப்பரிசில். ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் செய்து காட்டுவதைச் சிறுவர் நிகழ்ச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2020 இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தபோது தொலைக்காட்சிப் பாடங்கள் உதவின, அதை மறுக்கவில்லை. ஆனால் ரியூசன் முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளைக்குப் பெட்டியைத் திறந்தால் அங்கேயும் ரியூசன் என்றால், அது போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகாமல் என்ன செய்யும்? யூரியூப்பில் யாரோ ஒருவர் அரை மணித்தியாலமாக விளையாட்டுச் சாமான் பெட்டி உடைப்பதை என் பேரன் கண் இமைக்காமல் பார்க்கிறான். சோறு தீத்துவதற்காக அந்தப் போனை அவன் கையில் கொடுத்தது நான்தான், அதையும் மறைக்கவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்கு ஒரு கமெராவையும் நாலு பிள்ளைகளையும் கொண்டு போங்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். ஏன் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், டோரா மாதிரிக் காத்திருங்கள். இராமர் அம்பு எய்த கதை ஒருவன் சொல்வான். சுண்ணாம்புக் கல் மண், கல்லுக்கடியில் பாரமான உப்புநீருக்கு மேலே மழைநீர் மிதக்கிறது என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். இரண்டு கதையும் ஒரே கிணற்றுக்குள் இருக்கட்டும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டத் திருவிழாவைச் செய்தியில் ஒரு நிமிடம் காட்டுகிறீர்கள். பட்டத்துக்கு விண் கட்டுவது எப்படி, அது காற்றில் ஏன் கூவுகிறது என்று ஒரு அரை மணித்தியாலம் காட்டினால் அடுத்த நாள் என் விறாந்தையில் ஒரு பிள்ளையும் இருக்காது, எல்லாம் வயலில் நிற்கும். நெடுந்தீவுக் குதிரைகள் இருக்கின்றன. கல்லை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டத் தெரிந்த ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாட்டுகளில் வரும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் தாடி அறுந்த வேடனையும் பொம்மையாக்கி ஆட்டலாம். அவை ஒப்புவிக்க எழுதியவை அல்ல, சிரிக்க எழுதியவை.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1978 இல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கிய ஊர் இது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் பிள்ளைகளை மேடையில் ஓடவிட்டு, விளையாடவிட்டு நாடகம் செய்து காட்டிய ஊர். நாடகமும் அரங்கியலும் படித்தவர்களும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தவர்களும் வேலை தேடித் திரிகிறார்கள். காசு இல்லை, விளம்பரம் வராது என்பதைப் பாதி நம்புகிறேன். இந்தியத் தொடரை வாங்கிப் போடுவது சொந்தமாகச் செய்வதைவிட மலிவு என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் பார்க்கிற ஓர் அலைவரிசையில் ராசிபலன் சொல்பவருக்கு ஒவ்வொரு நாளும் நேரம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான். என் ராசிக்குப் போன கிழமை வெளிநாட்டுப் பயணம் என்றார். நான் பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலிச் சந்தைக்குக்கூடப் போகவில்லை.

இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 17 ஆவது உறுப்புரையையும் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். சிறுபான்மைப் பிள்ளைகளின் மொழித் தேவையில் ஊடகங்கள் விசேட கவனம் செலுத்த அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அரச அலைவரிசைக்காரர்கள் குறிப்பாக வாசிக்க வேண்டும்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாரத்தில் அரை மணித்தியாலம். போட்டி வேண்டாம், நடுவர் வேண்டாம், பரிசுப்பொதி வேண்டாம். ஒளிபரப்ப முன்னம் பத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுங்கள். இடம் இல்லாவிட்டால் என் விறாந்தை இருக்கிறது, கொப்பியும் இருக்கிறது.

அந்தச் சிறுமிக்கு இப்போது எட்டு வயது. நாலரை மணிக்கு ஐஸ்கிரீம் வானின் பாட்டு ஒழுங்கை முடக்கில் கேட்டதும் படலையில் ஏறி நிற்பாள். ஓட்டுகிறவர் நல்ல மனிதர், ஒருநாள் அவளை முன் சீற்றில் இருத்தி, கோர்ன் அடிக்க விட்டார். ஒரு ஒளிப்பதிவாளரை அனுப்புங்கள். தேத்தண்ணி என் பொறுப்பு. அவள் என்ன சொன்னாலும் ஒரு தடவைதான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருத்தி,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.