ஆகஸ்ட் முடியட்டும்

மதிப்பிற்குரிய கவுன்டி கவுன்சில் நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சாலையோரப் புல் பற்றி ஆங்கிலத்தில் மூன்று கடிதம் போட்டாயிற்று. மூன்றுக்கும் ஒரே பதில்: சாலைப் பாதுகாப்பு கருதி, அட்டவணைப்படி வெட்டப்பட்டது. இது நான்காவது. மனதில் இருப்பதை மழுப்பாமல் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும் என்பதால் முதலில் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி தனியாக வந்து சேரும்.

எங்கள் கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி இருக்கும் அந்த நாற்பதடிப் புல்தரையில் முந்தின வருடம் பீ ஆர்க்கிட் என்னும் காட்டுப்பூச் செடிகள் மூன்று பூத்தன. போன வருடம் ஒன்பது. இந்த வருடம் பதினான்கு. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி நட்டு, யார் கண்ணிலும் படட்டும் என்று சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தார். ஜூன் இரண்டாவது வாரம் உங்கள் டிராக்டர் வந்தது. பத்து நிமிட வேலை. பூவும் போயிற்று, குச்சியும் போயிற்று. சிதைந்த புல்லுக்கு நடுவே சிவப்பு நூல் துண்டுகளை அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அந்தப் பூவை நீங்கள் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சாண் உயரத் தண்டு. இளஞ்சிவப்பாக மூன்று இதழ் விரிந்திருக்க, நடுவில் பழுப்பு வெல்வெட்டில் மஞ்சள் கோடு போட்ட மாதிரி ஒரு தேனீ உட்கார்ந்திருக்கும். தொட்டுப் பார்த்தால்தான் அதுவும் பூவின் பாகம் என்று தெரியும். மத்தியதரைக் கடல் பக்கம் ஆண் தேனீக்கள் இதைப் பெண் என்று நினைத்து வந்து ஏமாறும். பிரிட்டனில் அப்படி வருவது அரிது. அதனால் மகரந்தம் மெல்லிய இழையில் தொங்கிச் சரிந்து, பூ தன்னைத்தானே சூல்கொள்ளும். விதை தூசி மாதிரி இருக்கும். மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும். முளைத்துப் பூக்கப் பல வருடம் ஆகும். பல செடிகள் ஒருமுறை பூத்ததோடு சரி. விதை முற்றுவதற்குள் வெட்டினால் அந்த வருடங்கள் எல்லாம் வீண்.

நாங்கள் கேட்பது இரண்டுதான். ஆகஸ்ட் முடியும்வரை அங்கே மெஷினை இறக்காதீர்கள். வெட்டிய புல்லை அள்ளிக்கொண்டு போங்கள்.

இரண்டாவதும் முக்கியம். வெட்டிய புல் கிடந்து மக்கினால் மண் கொழுக்கும். கொழுத்த மண்ணில் முரட்டுப் புல்லும் காஞ்சொறியும்தான் ஓங்கும், பூச்செடி அமுங்கிப்போகும். புல்லின் வேரை உறிஞ்சி அதன் திமிரை அடக்கும் ஒரு செடி இங்கே உண்டு, யெல்லோ ரேட்டில். காய்ந்த காயை ஆட்டினால் நம் ஊர்க் கிலுகிலுப்பை மாதிரியே சத்தம் வரும். அதன் விதை ஒரு வருடத்துக்கு மேல் மண்ணில் தாங்காது. இரண்டு வருடம் தொடர்ந்து சீக்கிரம் வெட்டினால் அதன் கதையும் முடிந்தது.

செலவு என்பீர்கள். தெற்கு இங்கிலாந்தின் டோர்செட் கவுன்டியில் அள்ளிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு புல் வளர்வதே குறைந்து, வெட்டும் தடவையும் குறைந்தது. அங்கே வேமவுத் புறவழிச்சாலை 2011-இல் திறந்தபோது ஓரச் சரிவுகளில் வளமண் கொட்டாமல் வெறும் சுண்ணாம்பு மண்ணை விட்டார்கள். இன்று அங்கே குட்டி நீல வண்ணத்துப்பூச்சி பறக்கிறது. பாதுகாப்பு என்பீர்கள். சந்திப்பிலும் வளைவிலும் தாராளமாக வெட்டுங்கள், நாங்களே வந்து உதவுகிறோம். ஆனால் இந்த இடத்தில் சாலை நேர்க்கோடு. எந்த ஓட்டுநரின் பார்வையை ஒரு சாண் பூ மறைக்கிறது?

மே மாதம் வீட்டுப் புல்லை வெட்டாதீர்கள் என்று எங்களைக் கேட்டுக்கொண்டவர்கள் நீங்கள்தான். தெருவே அதன்படி நடந்தது. 1930-களிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூ நிறைந்த புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்துவிட்டன. மிச்சத்தில் கொஞ்சம் ஒதுங்கியிருப்பது இந்தச் சாலையோரங்களில்தான். பல்லுயிரைக் காக்க என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டியது பொது அமைப்புகளின் கடமை என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, 2021-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். யோசித்தீர்களா என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. ஒரு தோட்டத்தைப் பிளாஸ்டிக் புல்லால் மூடுகிறவரிடம்கூட எனக்கு இவ்வளவு கோபம் வராது, அது அவர் இடம். இது எல்லாருடைய இடம்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர்மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர் கையில் கொடுத்தது உங்கள் அட்டவணை. அதைத் திருத்துங்கள். ஆகஸ்ட் முடியட்டும், அப்புறம் வெட்டுங்கள், வெட்டியதை அள்ளுங்கள்.

தந்திக் கம்பத்தை ஒட்டி, பிளேடு எட்டாத இடத்தில் இரண்டு செடிகள் தப்பியிருக்கின்றன. பாட்டி புதுக் குச்சி நட்டு, பொறுக்கி வைத்த அதே நூலைக் கட்டியிருக்கிறார். அடுத்த முறை வண்டி அனுப்பும் முன் தயவுசெய்து உங்களில் ஒருவர் நேரில் வந்து பாருங்கள். எந்த நாள் என்றாலும் நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்வீட்டில் வசிப்பவர்