பெர்த்திலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

"மழை குறைந்த ஊரில் இத்தனை பேர் எப்படிப் பிழைக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடிகிற கதையல்ல.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் இந்த பெர்த்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல மழை. நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் இவர்களுக்கு ஆனி, ஆடி. 1970-களிலிருந்து இந்தக் குளிர்கால மழை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அணைகளுக்கு வரும் நீரோ பாதிக்கும் கீழே போய்விட்டது. காரணம் உங்களுக்கே தெரியும். காய்ந்த நிலம் குடித்து முடித்த பிறகுதானே கண்மாய்க்கு வரத்து?

ஆனாலும் ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. ஜனத்தொகை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2006-ல் குவினானாவிலும் 2011-ல் பின்னிங்கப்பிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. நம் மீஞ்சூரில் இருப்பது போலத்தான். தோட்டத்துக்குப் பல வீடுகளில் போர் போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் இரும்பு அதிகம். ஸ்பிரிங்க்ளர் தெறித்துத் தெறித்து, என் தெருவில் வேலி, சுவர் எல்லாம் முழங்கால் உயரத்துக்குச் செம்பழுப்புக் கறை. புதிதாக வருபவர் வெள்ளம் வடிந்த தெரு என்றே நினைப்பார்!

போன மாதம் வேலைக்காகக் கல்கூர்லி போயிருந்தேன். நல்ல தண்ணீர் ஆறு, ஏரி எதுவும் இல்லாத வறண்ட உள்நாடு. 1893-ல் அங்கே தங்கம் கிடைத்ததும் ஆட்கள் குவிந்தார்கள். தண்ணீர் காசுக்கு விற்றது. டைபாய்டில் பலர் மடிந்தார்கள். பெர்த் அருகே மலையில் அணை கட்டி, 500 கிலோமீட்டருக்கு மேல் இரும்புக் குழாய் பதித்து, நீராவி பம்புகளால் ஏற்றி, 1903-ல்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். திட்டத்தை வகுத்த ஓ'கானர் என்ற பொறியாளர் அதைப் பார்க்காமல் முந்தைய ஆண்டே இறந்துபோனார். நெடுஞ்சாலையில் அந்தக் குழாய் பல மணி நேரம் கூடவே வருகிறது. முதலில் தங்கம், பிறகு ஊர், கடைசியில்தான் தண்ணீர். எனக்கு இது தலைகீழாகத்தான் படுகிறது, அந்தத் தங்கத்தால்தான் எனக்குச் சம்பளம் என்றாலும்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கர் மக்களுக்கும் நம்மைப் போல ஆண்டுக்கு ஆறு பருவம். கோடையில் கடலோரம், மழைக்காலத்தில் உள்நாடு என்று இருப்பிடம் மாற்றியே பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 1829-ல் வெள்ளைக்காரர்கள் குடியேறி வேலி போடத் தொடங்கியதும் அந்த வழிகள் அடைபட்டன.

தம்பி நிலத்தை விற்கச் சொல்கிறான் என்றீர்கள். எனக்குச் சம்மதமில்லை. இவர்களிடம் பணம் இருக்கிறது, கடலையே குடிக்கிறார்கள். நம் வீட்டுக்குக் காவிரிக் குடிநீர் வந்தது சரி, வயலுக்கு வருமா? கண்மாயை விட்டால் நமக்கு வேறு கதி இல்லை. இந்த முறை அனுப்பும் பணத்தில் ஜேசிபி பேசி, வரத்துக்காலில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுத்துவிடுங்கள். ஊரார் பங்கு தரத் தாமதித்தால் காத்திருக்க வேண்டாம். ஐப்பசிக்கு முன் வேலை முடிந்தாக வேண்டும்.

உங்கள் அன்பு மகன்