மருந்தகத்தில் காத்திருக்கும் மகளுக்கு

அன்பு மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். உன் மாமனாரைக் காலையில் பலதுறை மருந்தகத்துக்கு (அரசு பாலிகிளினிக்) கூட்டிப்போனாய். வீடு திரும்பும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதற்கு மேல், ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றாய். உன் கோபம் நியாயமானதுதான் கண்ணு. ஆனால் காத்திருப்பு வேறு, அலட்சியம் வேறு. முன்னேற்பாடு இருந்தால் காத்திருப்பு நிறையவே குறையும். அலட்சியம் அப்படிக் குறையாது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய விதத்தில் சொல்ல வேண்டும். மருந்தகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பதால் இரண்டையும் பற்றி எழுதுகிறேன். நீளமான கடிதம், குழந்தை இனியன் தூங்கும்போது படி.

‘எங்களுக்குப் பிறகு வந்தவரை முன்னால் கூப்பிட்டார்கள்’ என்று சொன்னாய் அல்லவா? திரையில் வரிசை எண் ஒழுங்காக ஏறாது. முன்பதிவு செய்தவர், செய்யாமல் வந்தவர், புண்ணுக்குக் கட்டுப்போட வந்தவர், ரத்தம் கொடுக்க வந்தவர் எல்லாரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் அவரவர் வரிசை வேறு. எக்ஸ்ரே எடுக்கப் போனவர் திரும்பி வந்தால் அதே டாக்டரைத்தான் பார்ப்பார், புதிதாக நம்பர் எடுக்க மாட்டார். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று வருபவரைத் தாதி முன்னால் அனுப்பிவிடுவார், அனுப்பத்தான் வேண்டும். பதிவு, எடை, ரத்த அழுத்தம், டாக்டர், பணம் கட்டுவது, மருந்து வாங்குவது என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி வரிசை. டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும் நேரத்தைத்தான் நாம் கவனிக்கிறோம். உண்மையில் மற்ற நிறுத்தங்களில்தான் நேரம் கரைகிறது, அங்கேதான் நம்மால் அதைக் குறைக்கவும் முடியும்.

முதல் இடம் ரத்த அழுத்தம் பார்க்கும் இடம். பேருந்திலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்து உடனே கையை இயந்திரத்துக்குள் விட்டால் அளவு ஏறித்தான் காட்டும். தாதி உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி எடுப்பார், அதற்குள் மாமாவின் முறை தள்ளிப்போகும். அளக்கும் முன் அரை மணி நேரம் கோப்பி, சிகரெட் வேண்டாம். கழிவறைக்குப் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் உட்காரட்டும். அளக்கும்போது பேச வேண்டாம். நீயும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதே. பேசினாலே அளவு ஏறும்.

உன்னை இரண்டாவது முறை அலைய வைப்பது ரத்தப் பரிசோதனை. டாக்டரைப் பார்க்கும் அன்றே ரத்தம் எடுத்தால் முடிவு கையில் இல்லாமல்தான் அவர் பேச வேண்டியிருக்கும். எந்த மருந்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அவராலும் முடிவு செய்ய முடியாது. டாக்டரைப் பார்க்கும் தேதிக்குச் சில நாள் முன்பே, முடிந்தால் ஒரு வாரம் முன்பே, ரத்தம் எடுக்கத் தனியாக ஒரு நேரம் கேள். ஒவ்வொரு முறையும் மருந்தகத்தை விட்டுக் கிளம்பும் முன் அடுத்த இரண்டு தேதியும் கையில் இருக்க வேண்டும். ரத்தத்துக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. பட்டினி கிடக்க வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுக்கொள். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, அதற்குப் பட்டினி தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவுக்கும், சில சமயம் கொழுப்புக்கும், எட்டு முதல் பத்து மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம், கோப்பி கூடாது. இதை மறந்து காலையில் ரொட்டி சாப்பிட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது தினமும் நடக்கிற ஒன்று. இன்னொன்று முக்கியம். இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினியாக வந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். காலை மாத்திரையை எப்போது போடுவது என்று தாதியிடம் கேட்டு வை. பெரும்பாலும் ரத்தம் எடுத்த பிறகு சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். காலை முதல் நேரத்துக்கே முன்பதிவு செய்தால் பட்டினியும் குறையும்.

இனிப்புநீர்க்காரருக்கு வருடம் ஒரு முறை கண்ணின் விழித்திரையைப் படம் பிடிக்க வேண்டும், பாதத்தையும் சோதிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேள். கூட்டத்தைப் பார்த்துப் பாதச் சோதனையை அடுத்த முறைக்குத் தள்ளிவிடாதே. உணர்ச்சி மரத்த காலில் புண் வந்தால் மாமாவுக்கே தெரியாது.

மருந்து வாங்கும் வரிசையைச் சுத்தமாகத் தவிர்க்கலாம். வழக்கமான மருந்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம், அதற்குக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள். வீட்டில் எத்தனை அட்டை மிச்சம் இருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை டாக்டரிடமே சொல். அப்போதுதான் தேவையான அளவுக்குச் சீட்டு எழுதுவார். மருந்தாளர் கவுண்டருக்குப் போன பிறகு ‘இது வீட்டில் நிறைய இருக்கிறது’ என்றால் சீட்டைத் திருத்த வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். மாமா மருத்துவமனையிலும் இதய டாக்டரைப் பார்க்கிறார் இல்லையா? ஒரே மருந்து இரண்டு இடத்திலிருந்து இரண்டு பிராண்ட் பெயரில் வந்து, இரண்டையும் சாப்பிடுகிற ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பெட்டியில் பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பொதுப் பெயர் இருக்கும். அந்தப் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்த மருந்து ஒவ்வாது என்று ஒரு தாளில் எழுதிப் போனில் படம் எடுத்து வை.

முன்பதிவை ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) வழி செய்யலாம் என்பது உனக்குத் தெரியும். மாமா தன் சிங்பாஸ் மூலம் உனக்குப் பராமரிப்பாளர் அனுமதி கொடுத்துவிட்டால் அவருடைய தேதிகளை உன் போனிலேயே பார்க்கலாம். இடமே இல்லை என்று காட்டினால் அதோடு விட்டுவிடாதே. யாராவது ரத்து செய்தால் அந்த நேரம் திரும்ப வந்துவிடும், இரவில் ஒரு முறை, விடியலில் ஒரு முறை பார். நீயும் போக முடியாவிட்டால் ரத்து செய்துவிடு, அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும். திங்கட்கிழமைக் காலையையும் பொது விடுமுறைக்கு மறுநாளையும் தவிர். அளவெல்லாம் சீராக இருந்தால் வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வைத்து, ஒன்றுவிட்டு ஒரு முறை காணொளி வழி டாக்டரிடம் பேச முடியுமா என்றும் கேள்.

ஆனால் என் எண்ணத்தைக் கேட்டால், மாமாவுக்குப் பக்கத்து புளோக் குடும்ப டாக்டரே போதும். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசு சுகாதாரத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு மருந்தகத்தில் பெயர் பதிந்துகொள்ளலாம். சுகாதாரத் திட்டம் வகுக்கும் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. சிங்கப்பூரருக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளும் பரிசோதனைகளும் அங்கே இலவசம். நாள்பட்ட நோய்க்கு மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து எடுக்கும்போது ரொக்கமாகக் கட்ட வேண்டிய 15 விழுக்காடும் பதிந்த மருந்தகத்தில் இல்லை. மாமா 1950களில் பிறந்தவர், மெர்டேக்கா தலைமுறை அட்டை இருக்கிறது, தனியார் மருந்தகங்களில் கிடைக்கும் அரசு மானியமான சாஸ் சலுகையும் சேரும். மாறுவதற்கு முன் அவருடைய மருந்துப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய், ‘இதில் எவையெல்லாம் சலுகைப் பட்டியலில் இருக்கின்றன, மூன்று மாதத்துக்கு மொத்தம் எத்தனை வெள்ளி வரும்?’ என்று கேள். வாயால் சொல்வதை நம்பிப் போகாதே, எழுதி வாங்கு. பதிவுக் கட்டணம் குறைவு, மருந்து விலை அதிகம் என்பதுதான் பலரும் ஏமாறும் இடம்.

அந்தச் சின்ன மருந்தகங்களிலும் காத்திருப்பு உண்டு. பெரும்பாலும் ஒரே ஒரு டாக்டர். கிளம்பும் முன் போன் போட்டு, இன்று எந்த டாக்டர், முன்னால் எத்தனை பேர், கடைசிப் பதிவு எத்தனை மணிக்கு என்று கேள். மூடும் நேரம் ஒன்று, கடைசிப் பதிவு அதற்கு அரை மணிக்கு முன்னால் என்று வைத்திருப்பார்கள். வேலை விட்டு வரும் கூட்டம் சேரும் மாலை வேளையை மாமா தவிர்த்துவிடலாம், அவருக்கு மதியம் வசதிதானே.

உள்ளே போனதும் முதல் வாக்கியத்திலேயே பெரிய பிரச்சினையைச் சொல்ல வேண்டும். மாமா மாதிரி ஆட்கள் சளி, முட்டிவலி என்று தொடங்கி, எழுந்து கதவருகே போகும்போதுதான் ‘நேற்று நெஞ்சு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது’ என்பார்கள். அதைக் கேட்டு டாக்டர் திரும்பவும் உட்கார வைக்க வேண்டும், வெளியே இருப்பவர் எல்லாருக்கும் தாமதம் ஆகும். அவர் தமிழிலேயே சொல்லட்டும், தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேட்கலாம். அவருக்குப் பதிலாக நீ பதில் சொல்லாதே, விட்டுப்போனதை மட்டும் சேர்.

இனியன் விஷயத்தில் காத்திருப்பைப் பற்றி யோசிக்கவே கூடாத சில நேரங்கள் உண்டு. வலிப்பு, உதடு நீலமாவது, விலா உள்ளே இழுக்க மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை மாதிரி குழந்தைகளுக்கு அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குப் போ, மூச்சோ நினைவோ தவறினால் ஆம்புலன்ஸுக்கு 995. மாமாவுக்கு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ அதே எண்தான். குடும்ப டாக்டரிடம் போய் உட்கார்ந்து நேரத்தை விடாதே. சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு அவசரப் பிரிவுக்குப் போனால் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். பி1 (மிக அவசரம்) முதல் பி4 வரை பிரித்து, நோயின் தீவிரத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள், வந்த நேரத்தைப் பார்த்து அல்ல. ஆம்புலன்ஸில் வந்தாலும் அதே கணக்குதான். கிழக்கு வட்டாரத்தில் சாங்கி பொது மருத்துவமனை 2014இல் தொடங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் சேர்ந்த குடும்ப டாக்டர் பார்த்துவிட்டு அங்கே அனுப்பினால் அவசரப் பிரிவுக் கட்டணத்தில் 50 வெள்ளி குறையும்.

நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் பலதுறை மருந்தகம் அல்லது சாஸ் மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போ, அப்போதுதான் சலுகைக் கட்டணம். தேதி தூரத்தில் விழுந்தால் ரத்தாகும் இடத்துக்குப் பெயர் கொடுத்து வை. நோய் கூடினால் கடிதம் எழுதிய டாக்டரிடமே திரும்பிப் போய் அவசரம் என்று எழுதச் சொல்.

இனி அலட்சியத்துக்கு வருகிறேன். கூட்டம் அந்தக் கவுண்டர் பெண்ணின் குற்றமில்லை, அட்டவணை போட்டது அவள் இல்லை. ஆனால் கூட்டம் அதிகம் என்பது முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணமாகாது. எண்ணை அறிவிக்காமல் தாண்டியது, தாமதம் எவ்வளவு என்று சொல்லாதது, புது மருந்தின் பக்கவிளைவைச் சொல்லாமல் அனுப்பியது, பில்லை விளக்க மறுத்தது, இவையெல்லாம் புகார் செய்ய வேண்டிய விஷயங்கள். குரலை உயர்த்தாதே. பொதுச் சேவை ஊழியரையும் மருத்துவ ஊழியரையும் திட்டுவது சட்டப்படியே குற்றம், அதோடு உன் நியாயமும் அடிபட்டுப்போகும். அங்கேயே மேற்பார்வையாளரைக் கேள். அன்று முடியவில்லையென்றால் அன்றிரவே சேவைத் தரப் பிரிவுக்கு எழுது. தேதி, நேரம், வரிசை எண், கவுண்டர் அல்லது அறை எண், என்ன நடந்தது, என்ன சொன்னார்கள், உனக்கு என்ன வேண்டும். கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ‘ரத்தப் பரிசோதனைக்குத் தனித் தேதி கொடுக்க வேண்டும் என்று கவுண்டரில் சொல்லவில்லை. இரண்டாவது முறை வருவதற்கான ஆலோசனைக் கட்டணத்தைத் திரும்பப் பரிசீலிக்கவும்’ என்று எழுதினால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ‘சேவை மோசம்’ என்று மட்டும் எழுதினால் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் டாக்டரின் தொழில் நடத்தையை விசாரிக்கும் இடம், அங்கே சத்தியப் பிரமாணத்தோடு புகார் கொடுக்க வேண்டும். காத்திருப்புக்கும் கடுமையான பேச்சுக்கும் அங்கே போகாதே.

தனியார் மருந்தகத்தில் பில்லில் ஆலோசனைக்கு எவ்வளவு, ஒவ்வொரு மருந்துக்கும் எவ்வளவு என்று பிரித்துக் கேள். விலை கூடுதலாகப் பட்டால் மருந்துச் சீட்டை மட்டும் வாங்கி வெளியே மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மெடிசேவிலிருந்து எடுத்த தொகையை மத்திய சேமநிதிக் கணக்கில் சரிபார்.

மாமாவின் அடுத்த இரண்டு தேதிகளும் கிடைத்ததும் எனக்கு அனுப்பு. ரத்தம் எடுக்கும் நாளில் நான் வந்து இனியனைப் பார்த்துக்கொள்கிறேன், மாப்பிள்ளை லீவு போட வேண்டாம். சம்பந்திக்கு மருந்தகத்திலேயே சாப்பிட ஏதாவது டப்பாவில் கட்டிக்கொடு, ரத்தம் எடுத்து முடிந்ததும் வீடு வரும் வரை அவரைப் பட்டினி போடாதே.

அன்புடன்,
அம்மா