பத்து மணிப் பிரேரணை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

உன்ட கடிதத்துக்குப் பதில் போட நல்லாப் பிந்திப்போச்சு, கோபிக்காதே. இஞ்ச எல்லாரும் சுகம். கண்ணாடியன் பென்சன் எடுத்த பிறகும் காலையில வெள்ளண கந்தோர்ப் பக்கம் போய் நிக்கிறானாம். உன்ட மகளுக்குக் கம்பஸ் கிடைச்சது பெரிய சந்தோசம், அதைப்பற்றி மறுகா ஆறுதலா எழுதுறன். இப்ப அவசரமா எழுதுறது பிரதேச சபையில நீ கொண்டுவரப்போற பிரேரணையைப் பற்றி.

“சபை எல்லைக்குள்ள இருக்கிற எல்லாச் சாப்பாட்டுக் கடையும் இரவு பத்து மணிக்குப் பூட்ட வேணும்.” கணக்குச் சேரின்ட மகன் போனில அனுப்பின படத்தில வாசிச்சன். முன்மொழிந்தவர் எண்டு உன்ட பேரும் கிடக்கு. வகுப்பில எழும்பி நிண்டு பேசச் சொன்னா மேசைக்குக் கீழ பென்சில் தேடின ஆள் இண்டைக்கு ஊருக்கே நேரம் குறிக்கிறார்! சந்தோசந்தான் மச்சான். ஆனா இந்த வடிவத்தில இதை வாற பொதுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதே. ஊருக்கும் நல்லதில்ல, சட்டத்திலயும் நிக்காது.

முதல்ல சட்டம். கூட்டத்தில கை உயர்த்தி எடுத்த தீர்மானம் கடைக்காரனைக் கட்டுப்படுத்தாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உங்களுக்கு உப விதி, அதாவது சபை எல்லைக்குள்ள செல்லுற விதி, ஆக்க அதிகாரம் தருது. அந்த உப விதிக்கு மாகாணத்தில அங்கீகாரம் கிடைச்சு, வர்த்தமானியில வந்தாத்தான் உயிர். கிழக்கில 2017 செப்ரம்பரோட மாகாண சபை முடிஞ்சதால அமைச்சர் இல்ல, கோப்பு ஆளுநரிட்டத்தான் போக வேணும். 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நியம உப விதிகள் சட்டத்தின் கீழ வந்த மாதிரி விதிகளை ஏற்றுக்கொள்ளுற வழியும் இருக்கு, அதுக்கும் வர்த்தமானி வேணும். அதனால செயலாளரிட்ட முதல் கேள்வியா இதைக் கேள்: சாப்பாட்டுக் கடைகளுக்கு இப்ப எந்த உப விதி நடைமுறையில இருக்கு, வர்த்தமானி இலக்கமும் திகதியும் என்ன, அதில திறக்கிற பூட்டுற நேரத்தைப் பற்றி ஏதும் எழுதியிருக்கா. எழுதியில்லாம நீங்க போய்க் கடையைப் பூட்டுவிச்சா, ஒரு முதலாளி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போய், சபையின்ட முடிவை ரத்துச் செய்யுற எழுத்தாணை கேட்டாலே காணும். சபை தோற்கும், மறுகா அந்தத் தெருவில ஒருத்தனும் சபை சொல்லுறதைக் கேட்கமாட்டான்.

இனி ஊரைப் பார். பத்து மணிக்குப் பிறகு சாப்பிடுற ஆக்கள் ஆர்? கொழும்பு பஸ்ஸுக்கு நிக்கிற சனம். ஆஸ்பத்திரியில நோயாளியோட நிக்கிற ஆக்கள். விடியச் சாமத்தில கடலுக்கு இறங்குறவங்க. வெட்டுக் காலத்தில மெசினோட வயலில நிண்டு பதினொரு மணிக்கு வெளிக்கிடுற ட்ரைவர்மார். நோன்பு மாசத்தில சகருக்கு, விடிய முந்திச் சாப்பிட, எழும்புற குடும்பங்கள். இவங்களுக்குச் சோறு விக்கிறவனையும், ஸ்பீக்கர் போட்டுத் தெருவை அடைக்கிறவனையும் நீ ஒரே வரியில பூட்டப் பார்க்கிறாய்.

உனக்கு முறைப்பாடு தந்த ஆக்கள் பொய் சொல்லல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா அவங்க சொன்னது சத்தம், குப்பை, தெருவில வாகனம். நேரம் எண்டது நீ கண்டுபிடிச்ச மருந்து. ஒவ்வொண்டாப் பிரிச்சுப் பார்.

சத்தத்துக்கு ஏற்கெனவே அளவு இருக்கு. 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிப்படி பிரதேச சபைப் பகுதியில பகலில 55 டெசிபல், இரவில 45. மாநகர, நகர சபைப் பகுதியில 63உம் 50உம். இதில இரவு எண்டது பின்னேரம் ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும். அப்ப கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் அளவைத் தாண்டினா எட்டு மணிக்கும் குற்றந்தான், பத்துக்குப் பூட்டினா அது தீராது. ஒலிபெருக்கிக்கு 2007இல உச்ச நீதிமன்றம் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அனுமதி குடுக்கப்படாது எண்டு கட்டளை போட்டுட்டு. அது பொலிசின்ட வேலை, உப விதி தேவையில்ல.

கொத்துச் சத்தத்தைக் குறைக்க வழி இருக்கு மச்சான், இதை ஒருத்தரும் சபையில பேசுறதில்ல. சத்தம் ரெண்டு வழியால போகும். கொத்துக் கல்லின்ட தகட்டில அடிக்கிற கணீர் காத்தால போகும். அதிர்வு அந்தக் கல்லின்ட காலுக்குள்ளால சீமெந்துத் தரைக்கு இறங்கி அடுத்த வீட்டுச் சுவருக்குப் போகும். மெல்லிய தகடு மணி மாதிரி அடிக்கும், தடிச்ச தகடு மந்தமாக் கேக்கும். காலுக்குக் கீழ தடிச்ச இறப்பர்த் துண்டு வைச்சா அதிர்வு குறையும். கொத்துக் கல்லைத் தெரு வாசலில இருந்து எடுத்து உள்ளுக்க, பொதுச் சுவரில முட்டாமப் போட்டா இன்னும் குறையும். மேல வெறும் தகரக் கூரை எண்டா சத்தம் திரும்பி அடிக்கும், சீலிங் போடச் சொல்லு. பதினொரு மணிக்குப் பிறகு ரொட்டியை முன்னமே பலகையில கத்தியால வெட்டி வைச்சுக் கல்லில கிளறி மட்டும் குடுக்கலாம். ருசி கொஞ்சம் மாறும் எண்டு முதலாளி சொல்லுவார். மாறட்டும், அந்த நேரத்துக் கடை அந்த விலையில தான் கிடைக்கும்.

குப்பைதான் உங்கட பக்கத்தில பெரிய தலையிடி. ஒரு மணிக்குப் பூட்டுற கடை கோழி எலும்பையும் சோத்தையும் பையில கட்டித் தெருவில வைக்குது. சபை ட்ரக்டர் விடிஞ்சாப் பிறகுதான் வரும். இடையில நாய் கிழிக்கும், காகம் இழுக்கும். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில ஆனைகள் பொலித்தீனோட சேத்துச் சாப்பாட்டைத் தின்னுறதை நீ கண்ணால கண்டவன். காட்டோரத்துக் கடைகளில இரவு மணம் கிளம்பினா ஆனை அதே வழியைப் பழகும். மூடியுள்ள வாளி, சாப்பாட்டுக் கழிவு வேறயா, ட்ரக்டர் வாற நேரம் மட்டும் உள்ளுக்கதான் இருக்க வேணும் எண்டு எழுது. எண்ணெய் வடிகானுக்குப் போகாம இருக்க குசினித் தண்ணி போற வழியில கொழுப்புத் தொட்டி. அதுக்குள்ள தடுப்புச் சுவர் இருக்க வேணும், இல்லாட்டி மிதக்கிற எண்ணெய் தண்ணியோட ஓடிரும். கிழமைக்கு ஒருக்கா மேல படியுறதை அள்ள வேணும்.

இனிச் சாப்பாடு. இதை நினைச்சாத்தான் எனக்குப் பயம். இரவுக் கடையில ஆபத்து பதினொரு மணியில இல்ல, மத்தியானம் வடிச்ச சோத்தில. அந்தச் சோத்தைப் பெரிய பானையில அப்பிடியே வைச்சு இரவு பிரைட் ரைஸ் அடிக்கிறாங்க. பசிலஸ் சீரியஸ் எண்ட கிருமியின்ட வித்து கொதியிலயும் சாகாது. சோறு இளஞ்சூட்டில கிடக்கக் கிடக்கப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு சட்டியில திரும்ப வறுத்தாலும் போகாது, சாப்பிட்டவன் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்திலயே சத்தி எடுக்கத் தொடங்கலாம். வடிச்ச உடன அகலமான தட்டுகளில மெல்லிசாப் பரப்பி ஆறவிட்டு, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள 5 பாகை செல்சியசுக்குக் கீழ பிரிட்ஜில வைக்க வேணும். சூடா வைக்கிற கறி 63 பாகைக்கு மேல நிக்க வேணும். கோழி நடுவில 74 பாகை காண வேணும். பச்சை முட்டையில அடிச்ச மயோனைஸ் மேசையில போத்தலோட நிக்கக் கூடாது. பத்து மணிக்குப் பூட்டச் சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? மிச்சத்தை அடுத்த நாளைக்கு எடுத்து வைப்பாங்க.

இதெல்லாம் எழுதிப்போட்டு ஆர் பார்க்கிறது? இதுதான் மச்சான் எனக்கு நித்திரை வராத கேள்வி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதான் பீ.எச்.ஐ மார், பகலில வந்து கடையைச் சோதிக்கிற எச் 800 படிவம் நிரப்பி, ஏ, பீ, சீ, டீ எண்டு தரம் குடுக்கிறாங்க. அந்த நேரம் கல்லு குளிர்ந்து கிடக்கும், குப்பை போயிருக்கும், வாசலில ஒரு சைக்கிளும் நிக்காது. இரவுக் கடையைப் பகலில பார்த்துத் தரம் போடுறது சரியே இல்ல. பீ.எச்.ஐ உங்கட சபைக்குக் கீழ இல்ல, எம்.ஓ.எச் எண்ட சுகாதார வைத்திய அதிகாரியின்ட கந்தோருக்குக் கீழ. தவிசாளர் கட்டளை போட ஏலாது, எம்.ஓ.எச்சுக்கு எழுதிச் சம்மதம் எடுக்க வேணும். பொலிசுக்கும் ஒரு கடிதம். கிழமையில ஒரு இரவு, எந்த நாள் எண்டு முன்னறிவிக்காம, வருமானப் பரிசோதகர், பீ.எச்.ஐ, பொலிஸ் மூண்டு பேரும் ஒண்டாப் போக வேணும். வாகனம், மேலதிக நேரக் கொடுப்பனவு, வெப்பமானி, ஒலி அளவு பார்க்கிற கருவி எல்லாம் பாதீட்டில வர வேணும். அனுமதிப்பத்திரக் காசை நம்பாதே. கட்டடத்தின்ட வருடாந்தப் பெறுமதி 1,500 ரூபாவுக்கு மேல எண்டா 1,000 ரூபா எண்டு வர்த்தமானிகளில வருசா வருசம் பார்த்த தொகை ஒரு இரவு டீசலுக்கே காணாது.

லண்டனில கடை வைச்சிருக்கிற கொக்கு தன்ட விண்ணப்பக் கட்டை எனக்கு அனுப்பியிருந்தான். அங்க 2003ஆம் ஆண்டு அனுமதிச் சட்டம். இரவு பதினொண்டிலிருந்து விடிய அஞ்சு வரை சூடான சாப்பாடோ சூடான குடிபானமோ வித்தா மட்டும் தனி அனுமதி வேணும். குளிர்ந்த சாண்ட்விச்சுக்கு வேண்டாம். கடைக்காரன் வரைபடத்தோட, சத்தத்துக்கு என்ன செய்வன், குப்பைக்கு என்ன செய்வன் எண்டு தானே எழுதிக் குடுக்கிறான். நீலத் தாளில அறிவித்தல் அடிச்சு 28 நாள் கடை வாசலில ஒட்ட வேணும். அயலவரோ பொலிசோ ஆட்சேபிக்கல்ல எண்டா சபை குடுத்துத்தான் ஆக வேணும். ஆட்சேபம் வந்தா மூண்டு உறுப்பினர் இருந்து ரெண்டு பக்கத்தையும் கேட்டு, காரணத்தை எழுதித் தருவாங்க. பிடிக்காட்டி 21 நாளுக்குள்ள நீதிவான் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

எனக்குப் பிடிச்சது ஆட்சேபத்துக்கு அவங்க வைச்ச எல்லை. குற்றச்செயல், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, பிள்ளைகளுக்குத் தீங்கு, இந்த நாலுக்குள்ள வந்தாத்தான் எடுப்பாங்க. பக்கத்துக் கடைக்காரன் “என்ட வியாபாரம் விழும்” எண்டு எழுதினாத் தள்ளிவிடுவாங்க. உனக்கு வந்த முறைப்பாட்டில எத்தினை அந்த மாதிரி எண்டு திரும்ப வாசிச்சுப் பார். கொக்கு மாட்டினது வேற இடத்தில: அனுமதி ரெண்டு மணி வரை கிடைச்சுது, ஆனா கட்டடத்துக்கான திட்டமிடல் அனுமதியில பதினொரு மணி எண்டு கிடந்ததாம். ரெண்டும் வேற வேற கோப்பு. உங்களுக்கும் கட்டட அனுமதிக் கோப்பைத் திறந்து பார்க்காம இரவு அனுமதி குடுக்காதே.

உன்ட பிரேரணையை இப்பிடி மாத்து. பதினொரு மணி வரை எல்லாருக்கும் வழமையான அனுமதிப்பத்திரம். அதுக்கு மேல திறக்க விரும்புறவன் தனியா விண்ணப்பிக்கட்டும். வாசலில தமிழில அறிவித்தல், அயலவர் எழுத நாள், மூண்டு பேர் குழுவில விசாரணை, காரணத்தோட எழுத்தில முடிவு. முதல் தரம் ஆறு மாதத்துக்கு மட்டும். அனுமதிப்பத்திரம் எப்பிடியும் டிசம்பர் 31ஓட முடியுது, அதைத் தாண்டாமப் பார்த்துக்கொள். ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் பக்கம் வாற தற்காலிகக் கடைகளுக்கு நாள் குறிச்ச சிறு அனுமதி வேறயா இருக்கட்டும். நிபந்தனை மீறினா முதல் எச்சரிக்கை, மறுகா நேரக் குறைப்பு, கடைசியா ரத்து. இதையெல்லாம் உப விதி வரைவா உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு அனுப்பு. வர்த்தமானி வரும் மட்டும் கடுமையா அரியண்டப்படுற அயலவருக்கு, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 98ஆம் பிரிவில நீதவானிட்டப் போகலாம் எண்டு சொல்லிக் குடு.

வேலை செய்யுற பொடியன்களையும் மறந்திராதே. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45. காலை பத்துக்கு வந்தவனையே இரவு ஒரு மணிக்கும் கல்லில நிறுத்துற கடைக்கு அனுமதி குடுக்கக் கூடாது. விண்ணப்பத்தோட ரெண்டு முறை வேலைப் பட்டியல் கேள். காஸ் சிலிண்டர் நிக்கிற இடத்தையும் வரைபடத்தில கேள்: வெளியில, நிமிர்ந்து, பக்கத்தில வடிகான் வாய் இல்லாம. அந்த வாயு காத்தை விடப் பாரம், கசிஞ்சா பள்ளத்தில போய்த் தேங்கும்.

கூட்டம் எப்ப எண்டு உடன அறிவி. செயலாளரிட்ட இருந்து பழைய உப விதியின்ட பிரதி எடுத்து அனுப்பினா, திருத்த வேண்டிய பிரிவுகளை நான் குறிச்சு அனுப்புறன். ட்ரக்டர் எந்தத் தெருவுக்கு எத்தினை மணிக்கு வருது எண்ட பட்டியலும் சேத்து அனுப்பு, அது இல்லாமக் குப்பை நிபந்தனை எழுத ஏலாது. மச்சாளிட்டயும் பிள்ளைகளிட்டயும் விசாரிச்சதாச் சொல்லு.

அன்புடன்,
உன்ட மச்சான்